படத்துக்குப் பின்னால் ஒரு வரி

பாளையங்கோட்டையில் ஜெசிந்தா டீச்சரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் தங்கமாரியப்பனைப் போல டீச்சரைப் பாடாய்ப் படுத்தியவர் யாரும் கிடையாது. டீச்சருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. டீச்சருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. சீடரோ பந்தல்காரர், கண்ணில் பட்டதையெல்லாம் ஜோடித்துப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. இந்த இரண்டு பேரையும் ஒரு மேஜை முன்னால் உட்கார வைத்த புண்ணியம் யாருக்குப் போகும் என்று தெரியவில்லை.

ஜவுளிக் கடை மாடியில் டீச்சரின் வகுப்பு. இணையப் பக்கம் கட்டுவதற்கு வேண்டிய ஹெச்டிஎம்எல்லை அங்கேதான் சொல்லிக்கொடுப்பார். முதல் நாள் படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற ஆளிடம் டீச்சர் கேட்டார்.

"எதுக்குப் படிக்கணும் அண்ணாச்சி?"

"மகளுக்கு ஆவணியில கல்யாணம் டீச்சர். பத்திரிகையை இப்பல்லாம் பக்கமாச் செஞ்சு போன்லயே அனுப்புதாங்களாம். மாப்பிள்ளை சொன்னாரு."

"அதுக்கு ஆள் இருக்காங்களே. சொன்னா செஞ்சு குடுத்துருவாங்க."

"ஊர்ல உள்ள கல்யாணத்துக்கெல்லாம் வாசல் கட்டுனவன் நான். என் மக கல்யாணத்துக்கு வேற எவனாவது வந்து வாசல் கட்டவா?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் தங்கமாரியப்பன். அதற்குமேல் அன்றைக்குச் சொல்லவில்லை.

அந்த இன்னொண்ணு ஹமீது. இரண்டு பேரும் சேர்ந்துதான் பந்தல் தொழிலை ஆரம்பித்தார்கள். ஒரு கயிற்றுக்கு இவர் ஒரு முனை, அவர் ஒரு முனை. மகள் செவ்வந்தி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடியது ஹமீதுதான், தகப்பன் பந்தல் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தார். பிறகு சர்க்கரை வியாதி வந்து ஹமீதின் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. மகன் காயல்பட்டினத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து எந்தக் கல்யாணம் காட்சிக்கும் ஹமீது வருவதில்லை.

செவ்வந்தி கல்யாணத்துக்குத் தங்கமாரியப்பன் போனில் கூப்பிட்டபோதும் அதே கதைதான்.

"வந்து நான் என்னத்தைலே பாக்கப் போறேன்? எவன் கையைப் பிடிச்சாலும் ஐயோ பாவம்பான். பிள்ளைக்கு இங்கிருந்தே துஆ செய்யுதேன். விட்டுரு."

விட மனமில்லை. அந்த ஆள் வராமல் மகள் கழுத்தில் தாலி ஏறுவதை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது என்று தங்கமாரியப்பனுக்குப் புரியவே இல்லை. அசந்துபோகிற மாதிரி ஒரு பத்திரிகை செய்து அனுப்பினால் வந்துவிடுவான் என்று ஏதோ ஒரு கணக்கு. பார்வை இல்லாத மனுஷனை எதைக் காட்டி அசத்துவது என்று அவர் யோசிக்கவில்லை. பாருங்கள், அவர் யோசனை அவ்வளவுதான்.

பாடம் தொடங்கியது.

"ஹெச்டிஎம்எல்ங்கிறது ஒண்ணுமில்லை அண்ணாச்சி. எழுதுறதைச் சுத்தி அடையாளம் வைக்கிறது. அதுக்கு டேக்னு பேரு. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லுறது. ஆரம்பத்துல ஒரு டேக் திறக்கணும், முடிவுல அதையே மூடணும். மூடுற டேக்ல ஒரு சாய்கோடு."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

இவ்வளவுதான் என்பதை வைத்துக்கொண்டு தங்கமாரியப்பன் என்ன பாடுபடுத்தினார் என்கிறீர்கள். தலைப்பைத் திறந்தார், மூட மறந்தார். டீச்சரின் கம்ப்யூட்டரில் திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் உண்டு. அது வேறு யாருக்கும் புரியாத வேகத்தில் படபடவென்று வாசிக்கும். டீச்சர் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அண்ணாச்சி, தலைப்பு எப்ப முடியும்?"

"அப்பவே முடிஞ்சுட்டே."

"இன்னும் முடியலை. மாப்பிள்ளை பேரு தலைப்பு, மண்டபம் தலைப்பு, சாப்பாடு தலைப்பு. உங்க போன் நம்பர்கூடத் தலைப்பாத்தான் வருது."

இன்னொரு நாள் பத்திக்குள்ளே தடித்த எழுத்தைத் திறந்தார். பத்தியை முதலில் மூடிவிட்டுத் தடித்த எழுத்தை அதற்கப்புறம் மூடினார்.

"எது முதல்ல மூடுனா என்ன டீச்சர்? எல்லாத்தையும் மூடியாச்சுல்லா?"

டீச்சர் வேறு ஒன்று கேட்டார்.

"பந்தல் பிரிக்கும்போது எந்த முடிச்சை முதல்ல அவுப்பீங்க?"

"கடைசியாக் கட்டுனதை."

"அடியில உள்ளதை முதல்ல அவுத்தா?"

"தலையில விழும்."

"யார் தலையில?"

தங்கமாரியப்பன் திரையைப் பார்த்தார். தாம் எழுதியதைப் பார்த்தார். பிறகு வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அந்தத் தப்பை அவர் திரும்பச் செய்ததே இல்லை.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு நின்று கேட்டார்.

"டீச்சர், ஒரு பக்கம் நல்லா இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"உங்க பக்கத்தை முடிச்சுக் கொண்டாங்க. அப்பச் சொல்லுதேன்."

கொண்டுவந்தார். அதை என்னவென்று சொல்ல. திரையைச் சுற்றித் தங்க நிறத்தில் வளைவு, இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை, மேலிருந்து விடாமல் கொட்டுகிற மல்லிகைப்பூ. நடுவில் செவ்வந்தி பெயரும் மாப்பிள்ளை பெயரும் ஃப்ளெக்ஸ் போர்டு எழுத்தில் மினுக்கின. மண்டபம், முகூர்த்தம், விருந்து எல்லாம் ஃப்ளெக்ஸ் கடையில் கொடுத்துப் படம் படமாகவே செய்து வாங்கி ஒட்டியிருந்தார். கடைசியில் ஒரு பழைய போட்டோ. வகுப்பில் படித்தவர்கள் எழுந்து வந்து நின்று கைதட்டினார்கள். ஒரு பெண் தன் கல்யாணத்துக்கும் இவர்தான் செய்ய வேண்டும் என்று அங்கேயே சொல்லிவைத்தாள். தங்கமாரியப்பனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

டீச்சர் கையை நீட்டினார். மானிட்டரின் ஓரத்தைத் தடவிப் பொத்தானைக் கண்டுபிடித்து அணைத்தார்.

"இப்பக் காட்டுங்க அண்ணாச்சி."

திரை கறுப்பாக இருந்தது. டீச்சர் ஸ்கிரீன் ரீடரின் வேகத்தை எல்லாருக்கும் புரிகிற அளவுக்குக் குறைத்தார். அது வாசித்தது.

"படம். பார்டர் கோல்டு நியூ. படம். வாழை லெஃப்ட். படம். வாழை ரைட். படம். கல்யாணம் ஃபைனல். படம். கல்யாணம் ஃபைனல் ஃபைனல். படம். ஐஎம்ஜி."

அப்புறம் ஒரு நீளமான எண். அதோடு நின்றுவிட்டது.

யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். தங்கமாரியப்பனுக்கு முகம் சிவந்தது. ராத்திரி பகல் பாராமல் செய்த வேலை.

"இது என்ன டீச்சர் நியாயம்? இத்தனை பேரு பாத்துட்டு நல்லா இருக்குங்காங்க. உங்களுக்குத் தெரியலைங்கிறதுக்காக…"

அப்படியே நின்றுவிட்டார். சொன்னதைத் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியுமானால் போட்டுக்கொண்டிருப்பார்.

"முடிங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர். "திறந்துட்டு மூடாம விடக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லிக்குடுத்தேன்?"

முதலில் சிரித்தது டீச்சர்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். தங்கமாரியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு வேறு ஒன்று உறைத்துவிட்டது. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டீச்சர், எனக்கு ஒரு கூட்டாளி இருக்கான்."

அன்றைக்குத்தான் ஹமீதைப் பற்றி முழுதாகச் சொன்னார். டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அவர் போனும் இது மாதிரி வாசிச்சுக் காட்டுமா?"

"காட்டும். மகன் போட்டுக் குடுத்திருக்கான். வாட்ஸப்பெல்லாம் அதை வச்சுத்தான் கேக்கான்."

"பக்கத்தை அனுப்பிட்டீங்களா?"

"நேத்தே அனுப்பிட்டேன். பதிலே இல்லை." அவர் குரல் இறங்கிவிட்டது. "அவனுக்கும் இப்படித்தான் கேட்டிருக்குமோ? வாழை லெஃப்ட், வாழை ரைட்னு?"

"இப்படித்தான்."

"நானும் அவனை வேண்டாம்னுட்டேன்னு நெனச்சிருப்பானே டீச்சர்."

டீச்சர் தன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"கையை விசைப்பலகையில வைங்க. கட்டுவோம்."

திரை அணைந்தபடியே இருந்தது. ஃப்ளெக்ஸ் கடைப் படங்களில் இருந்ததையெல்லாம் எழுத்தாக அடித்தார்கள்.

"செவ்வந்தி பேரைப் பெருசாப் போடணுமே டீச்சர்?"

"பெருசுங்கிறது கண்ணுக்கு. தலைப்புங்கிறது எல்லாருக்கும். எது தலைப்புன்னு சொல்லுங்க, பெருசாக்குறதைப் பெறவு பாத்துக்கிடலாம்."

"கல்யாணந்தான் தலைப்பு."

"அதுக்கு ஹெச் ஒண்ணு. பெரிய தலைப்பு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும். அதுக்குக் கீழ?"

"முகூர்த்தம், மண்டபம், சாப்பாடு, வழி."

"அதுக்கெல்லாம் ஹெச் ரெண்டு. உங்க கூட்டாளிக்கு முதல்ல இருந்து கேட்டுக்கிட்டே வரணும்னு இல்லை. தலைப்பு விட்டுத் தலைப்பு தாவிப் போவாரு. எது வேணுமோ அங்க நிப்பாரு."

"அவன் சாப்பாட்டுலதான் நிப்பான்."

"அப்பச் சாப்பாட்டை நல்லா எழுதுங்க."

சாப்பாட்டுக்குக் கீழே பட்டியல் போட்டார்கள். வழி என்ற தலைப்பின் கீழே பேருந்து நிற்கும் இடத்திலிருந்து மண்டபம் வரைக்கும் எழுதினார். எந்தத் திருப்பத்தில் டீக்கடைச் சத்தம் கேட்கும், எங்கே சாலை மேடாகும் என்று தாமாகவே சேர்த்துக்கொண்டார். டீச்சர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

கடைசியில் அந்தப் பழைய போட்டோ மிஞ்சியது.

"இது என்ன படம் அண்ணாச்சி?"

"சும்மா, பழைய போட்டோ. நாங்க முதமுதல்ல போட்ட பெரிய பந்தல். அதுல ஹமீதும் இருக்கான்."

"படத்துக்குப் பின்னால ஒரு வரி எழுத இடம் இருக்கு. ஆல்ட்னு பேரு. பாக்கிறவங்க கண்ணுக்கு அது தெரியாது. படம் தெரியாதவங்களுக்கு மிஷின் அதை வாசிச்சுக் காட்டும். என்ன எழுதப் போறீங்க?"

தங்கமாரியப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடித்தார். மிஷின் வாசித்தது.

"அன்பின் சிகரமே, பண்பின் இமயமே, பந்தல் உலகின் முடிசூடா மன்னரே, வருக வருக."

"இது படத்துல தெரியுதா?" என்று கேட்டார் டீச்சர்.

"படத்துல எப்படித் தெரியும்?"

"அழிங்க."

அழித்தார். போட்டோ என்று மட்டும் அடித்தார்.

"படம்னு மிஷினே சொல்லிருதே அண்ணாச்சி."

அதையும் அழித்தார். வெறும் இடத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீச்சர் கையை நீட்டி மானிட்டரைப் போட்டார்.

"இதுக்குக் கண்ணு வேணும். நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

தங்கமாரியப்பன் பார்த்தார். அந்த போட்டோ அவர் கடையில் எத்தனையோ வருஷமாகத் தொங்கியது. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அதில் இருக்கிற பந்தலைத்தான் காட்டியிருக்கிறார், கோபுரம் போல அது எத்தனை அடுக்கு என்று பெருமை பேசியிருக்கிறார். இன்றைக்குப் பந்தலை விட்டுவிட்டு ஆட்களைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

பிறகு ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். இந்தத் தடவை டீச்சர் அழிக்கச் சொல்லவில்லை. மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டு, "அனுப்புங்க" என்றார்.

அனுப்பினார். பூ கொட்டுகிற வேலையையும் தங்க வளைவையும் அதற்கப்புறம் திரும்ப ஒட்டிக்கொண்டார். அந்த ஆளை அவ்வளவு சுலபத்தில் மாற்றிவிட முடியாது. எழுத்தை மறைக்காமல் எவ்வளவு பூ வேண்டுமானாலும் கொட்டட்டும் என்று டீச்சரும் விட்டுவிட்டார்.

அன்றைக்குப் பதில் வரவில்லை. மறுநாள் பந்தல் சாமான் வைக்கிற கிட்டங்கியில் மூங்கில் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. காயல்பட்டினம். தங்கமாரியப்பனுக்கு அதை எடுக்கவே பயமாக இருந்தது. எடுத்தார்.

"எலே மாரி."

"சொல்லு."

"முந்தாநாள் ஒண்ணு அனுப்பியிருந்தியே, எந்தக் கோட்டிக்காரன்லே செஞ்சான் அதை?"

"நான்தான்."

"அதான பாத்தேன். இப்ப வந்தது நல்லா இருக்கு. நேராச் சாப்பாட்டுக்குப் போனேன். சொதின்னு போட்டிருக்க, இஞ்சிப் பச்சடியைக் காணும். பச்சடி இல்லாம எவன் சொதி திம்பான்?"

"இன்னைக்கே எழுதிருதேன்."

"எழுதுனாப் போதாது, போடணும்."

தங்கமாரியப்பன் மூங்கில் அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கடைசியில ஒரு படம் வச்சிருக்கல்லா."

"ஆமா."

"அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். போன் சொல்லுது. 'எங்கள் முதல் பெரிய பந்தல். ஹமீது கையில் கைக்குழந்தை செவ்வந்தி. எல்லாரும் கேமராவைப் பார்க்கிறோம். ஹமீது குழந்தையைப் பார்க்கிறான்.' நெசமாலே?"

"நெசந்தான்."

"அம்புட்டுப் பெரிய பந்தலை விட்டுட்டா?"

"விட்டுட்டுத்தான். இளிச்சுக்கிட்டு நிக்கே."

"எனக்கே தெரியாதுலே." ஹமீதின் குரல் உடைந்தது. உடனே தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டார். "பந்தல் வேலை என்னைக்கு ஆரம்பிக்கே?"

"வியாழக்கிழமை."

"புதன்கிழமை வாரேன். மகன் கொண்டாந்து விடுவான். அவளை அன்னைக்கு மாதிரிக் கையில தூக்க முடியாது, தலையிலயாவது கையை வைக்கணும். பெறவு, கயித்துல என் முனையை எவன்கிட்டயும் குடுத்துறாத. கயிறு இழுக்கக் கண்ணு வேண்டாம். நீதான் கண்ணை வச்சுக்கிட்டுத் தொளதொளன்னு கட்டுவே."

"வந்து பேசு" என்றார் தங்கமாரியப்பன். போனை வைத்துவிட்டு மூங்கில் மேல் உட்கார்ந்து அழுதார், சிரித்தார், இரண்டையும் சேர்த்துச் செய்தார். வேலையாட்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அப்படியே கிளம்பி அல்வா வாங்கிக்கொண்டு டீச்சரின் வகுப்புக்கு வந்தார். சூடு ஆறவில்லை. டீச்சர் வாழையிலையில் இருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கதையை முழுதாகக் கேட்டார். இஞ்சிப் பச்சடி வந்த இடத்தில் சிரித்தார். கையில் தூக்க முடியாது என்ற இடத்தில் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"எல்லாம் அந்த ஒரு வரி செஞ்ச வேலை டீச்சர்."

"ஆமா அண்ணாச்சி."

"செவ்வந்தி, மாப்பிள்ளை, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாரும் பக்கத்தைப் பாத்தாச்சு. ஒருத்தர் கண்ணுலயும் அது படலை. என் வாழ்க்கையில நான் எழுதுன ஒரே நல்ல வரி. அது படத்துக்குப் பின்னால மறைஞ்சு கிடக்கேன்னு மனசு கேக்கலை."

டீச்சர் இன்னொரு விள்ளல் எடுத்தார்.

"அதான் ஒரு யோசனை. அதை எடுத்து மேல, செவ்வந்தி பேருக்குக் கீழ, தங்க நிறத்துல பெருசாப் போட்டுருதேன். பாக்கிற அத்தனை பேரும் படிக்கட்டும். என்ன சொல்லுதீங்க?"

"வேண்டாம் அண்ணாச்சி."

"ஏன் டீச்சர்?"

டீச்சர் விரலில் ஒட்டிய நெய்யைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்களுக்குத்தான் படம் இருக்கே."